அட்டையைத் தொட்டால் புத்தகம் திறக்க வேண்டும்

புதிய புத்தகம் ஒன்று அச்சகத்துக்குப் போனதும் நான் முதலில் செய்யும் வேலை, அலுவலக மின்னஞ்சலின் கையொப்பத்தை மாற்றுவது. பெயர், பொறுப்பு, தொலைபேசி எண், முகவரி என்ற நான்கு வரிகளுக்குக் கீழே அந்தப் புத்தகத்தின் அட்டைப்படம் சிறிய அளவில் வந்து உட்காரும். அட்டையைத் தொட்டால் எங்கள் இணையதளத்தில் அந்தப் புத்தகத்துக்கு உரிய பக்கம் திறக்கும். எங்களுடையது கோவையில் இருக்கும் சிறிய பதிப்பகம். விளம்பரத்துக்கென்று ஒதுக்கப் பணம் கிடையாது. ஆனால் நாள் முழுவதும் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். எழுத்தாளருக்கு மெய்ப்பு, நூலகத்துக்கு விலைப்பட்டியல், கடைக்காரருக்குப் பாக்கி பற்றிய நினைவூட்டல், வாசகருக்குப் பார்சல் போன விவரம். எப்படியும் போகப்போகிற கடிதம்தானே, அதன் அடியில் ஒரு புத்தகமும் சேர்ந்து போகட்டும் என்று தொடங்கியதுதான் இது.

பலர் படத்தை வைக்கிறார்கள், தொட்டால் பக்கத்தைத் திறக்கும் சுட்டியை (லிங்க்) அதில் வைப்பதில்லை. படத்துக்குக் கீழே ‘வாங்க இங்கே சொடுக்கவும்’ என்று ஒரு வரி எழுதி, சுட்டியை அந்த வரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். போனில் கடிதம் படிப்பவரின் கட்டைவிரல் அந்த வரியைத் தேடிப் போகாது. நேரே அட்டைக்குத்தான் போகும். சுட்டி இல்லாத படத்தைத் தொட்டால் படம் பெரிதாகும், அல்லது ஒன்றுமே நடக்காது. கணினியில் ஜிமெயிலைத் திறந்திருப்பவர் அப்படிப்பட்ட படத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோனால், பதிவிறக்கம் செய்துகொள்ளச் சொல்லும் குறி எழுந்து அட்டையின் மூலையை மறைக்கும். சுட்டி கொடுத்த படத்தில் அந்தத் தொல்லை இல்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தவரைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பொறுக்காது.

உள்ளே நடப்பது மிக எளிது. இணையப் பக்கங்களையும் கடிதங்களையும் வடிவமைக்கும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் ‘ஏ’ என்ற குறி சுட்டிக்கு உரியது, ‘ஐஎம்ஜி’ என்ற குறி படத்துக்கு உரியது. முதல் குறியைத் திறந்து, அதற்குள் இரண்டாவதை வைத்து, முதல் குறியை மூடினால் தீர்ந்தது. போக வேண்டிய பக்கத்தின் முகவரி ‘எச்ரெஃப்’ என்ற இடத்தில் வரும். படம் இருக்கும் முகவரி ‘எஸ்ஆர்சி’ என்ற இடத்தில் வரும். புதிதாகக் கற்பவர்கள் இரண்டு இடத்திலும் படத்தின் முகவரியையே போடுவதைப் பார்த்திருக்கிறேன். அட்டையைத் தொட்டால் அதே அட்டை பெரிதாகத் திறக்கும், வாங்க வழி இருக்காது. இரண்டு முகவரிகளையும் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி முழுமையாக எழுத வேண்டும். இணையப் பக்கத்தில் பாதி முகவரி கொடுத்தாலும் உலாவி மீதியை ஊகித்துக்கொள்ளும், ஏனென்றால் அந்தப் பக்கம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். கடிதத்துக்கு அப்படிச் சொந்த ஊர் கிடையாது.

படம் எங்கே இருந்து வருகிறது என்பதுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய கேள்வி. வழிகள் இரண்டு. ஒன்று, படத்தைக் கடிதத்துக்குள்ளேயே பதித்து அனுப்புவது. இன்னொன்று, படத்தை நம் தளத்தில் வைத்துவிட்டுக் கடிதத்தில் அதன் முகவரியை மட்டும் எழுதுவது.

முதல் வழியின் வேர் 1992-இல் இருக்கிறது. நதானியேல் போரென்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் எழுதிய, மின்னஞ்சலில் படம், ஒலி போன்றவற்றைச் சேர்த்து அனுப்பும் ‘மைம்’ என்ற முறை அந்த ஆண்டு ஜூனில், இணைய வழிமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 1341-ஆம் ஆவணமாக வெளிவந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால், மார்ச் 11 அன்று, போரென்ஸ்டீன் தாம் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் ஒரு மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பினார். படத்துக்கு இடம் கொடுத்த அதே முறைதான் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளுக்கும் மின்னஞ்சலில் ஒழுங்கான இடத்தைக் கொடுத்தது. தமிழில் நாள் முழுவதும் கடிதம் எழுதுகிறவள் என்ற முறையில் அந்த இருவரிடமும் எனக்கு நன்றி உண்டு.

ஆனாலும் கையொப்பத்துக்கு அந்த வழியை நான் பயன்படுத்துவதில்லை. பதித்து அனுப்பும் படம் பேஸ்64 என்ற வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. அதில் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகின்றன. 30 கிலோபைட் படம் 40 கிலோபைட்டாகப் போகும். ஒரு கடிதத்துக்கு இது பெரிதல்ல. ஓர் எழுத்தாளரோடு மெய்ப்புத் திருத்தம் பற்றிப் பத்துப் பதினைந்து கடிதங்கள் மாறிமாறிப் போகும்போது, இரண்டு பக்கக் கையொப்பப் படங்களும் அந்தத் தொடரில் சேர்ந்துகொண்டே போகும். அதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. சில செயலிகள் பதித்த படத்தையும் இணைப்புக் கோப்பாகவே காட்டும். எங்களுக்குக் காகிதம் தரும் ஒரு விற்பனையாளரின் கையொப்பத்தில் லோகோவும் சமூக ஊடகச் சின்னங்களும் இப்படித்தான் வருகின்றன. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா ஜிஎஸ்டி கணக்குக்காக அவருடைய பில்களைத் தேடினால், ‘படம் 001’, ‘படம் 002’ என்று வரிசையாக வரும் துண்டுகளுக்கு நடுவே பில்லைத் துழாவ வேண்டியிருக்கிறது. ‘நன்றி, கிடைத்தது’ என்ற ஒருவரிக் கடிதத்திலும் இணைப்பு இருப்பதாகக் காகிதக் கவ்விக் குறி தெரிகிறது.

ஆகவே அட்டைகளை எங்கள் தளத்திலேயே வைத்திருக்கிறேன். இதற்கும் ஒரு விலை உண்டு. வெளியிலிருந்து வரும் படங்களை விண்டோஸுக்கான பழைய வகை அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் இயல்பாகத் தடுத்துவைக்கும். படிப்பவர் அனுமதித்தால்தான் அவை படத்தைக் காட்டும். இந்தத் தடை நியாயமானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை வைத்து, யார் எப்போது கடிதத்தைத் திறந்தார்கள் என்று வேவு பார்க்கும் வழக்கம் இருக்கிறது அல்லவா? ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாக எடுத்துக் காட்டுவதால், அங்கே கேட்காமலேயே படம் தெரிந்துவிடும். ஆப்பிள் 2021-இல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 15 வந்தபோது, தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பு வசதியைத் தேர்ந்தவர்களுக்குப் படங்களை முன்கூட்டியே தானே இறக்கிவைக்கத் தொடங்கியது. அதன் பிறகு ‘இத்தனை பேர் திறந்தார்கள்’ என்ற கணக்கில் பொருள் இல்லாமல் போனது. எனக்கு அந்தக் கணக்கு எப்போதுமே வேண்டியிருந்ததில்லை. கடிதம் அனுப்பிவிட்டு, படித்தாரா என்று கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.

எங்கள் தளத்தைப் பராமரிக்கும் தம்பி ஒரு யோசனை சொன்னார். “கையொப்பத்துக்கு ஒரே கோப்புப் பெயர் வைத்துவிடுங்கள் அக்கா. மாதம் ஒரு முறை அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும், எல்லோர் கையொப்பமும் தானாக மாறிவிடும்” என்றார். வேலை மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களிலும் படம் மாறும். கவிதைத் தொகுப்பு வெளிவந்த மாதத்தில் அந்தக் கவிஞருக்கு நாங்கள் எழுதிய கடிதத்தை அவர் இரண்டு வருடம் கழித்துத் திறந்தால், அடியில் யாரோ ஒருவருடைய சமையல் குறிப்புப் புத்தகம் நிற்கும். அனுப்பிய கடிதம் அனுப்பியபடியே இருக்க வேண்டும். அந்த நாளில் எங்கள் கையில் இருந்த புத்தகம் எது என்பதும் அந்தக் கடிதத்தின் ஒரு பகுதிதான்.

எனவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தனிப் படக்கோப்பு. கோப்பின் பெயர் அந்தப் புத்தகத்தின் 13 இலக்க அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன். எந்தக் கோப்பும் அழிக்கப்படாது. தளத்தைப் புதிதாக வடிவமைத்தபோது, மற்ற எதை மாற்றினாலும் இந்த அட்டைகளின் முகவரி மாறக் கூடாது என்றும், பழைய புத்தகப் பக்கங்களின் முகவரிக்கு வருகிறவர்கள் புதிய பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொண்டேன். அச்சில் இல்லாத புத்தகத்தின் பக்கம்கூட அப்படியே இருக்கிறது. ‘இப்போது அச்சில் இல்லை’ என்ற வரியோடு.

வடிவமைப்பாளர் தரும் அட்டை அப்படியே கடிதத்துக்கு ஆகாது. டெமி அளவுப் புத்தகத்தின் முன்னட்டை ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சுக்குத் தயாரித்தால் 1650-க்கு 2550 பிக்சல் வரும். நிறமும் அச்சுக்கான நான்கு வண்ண முறையில் இருக்கும். திரைக்கான ஆர்ஜிபி முறைக்கு மாற்றாமல் வைத்தால் சிவப்பு ஒரு திரையில் செங்கல் நிறமாகவும் இன்னொன்றில் கண்ணைக் குத்தும் நிறமாகவும் தெரியக்கூடும். நான் அதை ஆர்ஜிபிக்கு மாற்றி, 240-க்கு 370 பிக்சலாகச் சுருக்கி, ஜேபெக் கோப்பாகச் சேமிக்கிறேன். கடிதத்தில் அது 120-க்கு 185 என்ற அளவில் தெரியும். இரண்டு மடங்கு பிக்சல் எதற்கு என்றால், இன்றைய போன் திரைகள் அவ்வளவு நுணுக்கமானவை. காட்டும் அளவிலேயே படத்தை வைத்தால் எழுத்தாளர் பெயர் மங்கிவிடும். காட்ட வேண்டிய அகலத்தைப் படக் குறியிலேயே எண்ணாக எழுதிவிட வேண்டும். விண்டோஸுக்கான பழைய வகை அவுட்லுக் 2007 முதல் கடிதத்தைக் காட்ட வேர்டின் இயந்திரத்தையே பயன்படுத்துகிறது. தோற்றத்தைத் தனியே சொல்லும் பாணி விதிகளில் (சிஎஸ்எஸ்) மட்டும் அகலத்தைச் சொன்னால் அது கேட்காது. சிறிய அட்டையாக இருக்க வேண்டியது பெரிதாக வந்து நிற்கும். கோடுகளாக வரைந்த எஸ்விஜி வகைப் படத்தை ஜிமெயில் காட்டாது. அதனால் லோகோவுக்கு மட்டும் பிஎன்ஜி வகைப் படம். அதிலும் பின்புலம் இல்லாத கறுப்பு லோகோவை வைத்தால், இரவு நிறத்தில் போனை வைத்திருப்பவருக்கு அது கறுப்பில் கறுப்பாக மறைந்துபோகும். எங்கள் லோகோவைச் சுற்றி வெள்ளை விளிம்பு போட்டிருப்பது அதனால்தான்.

இனி மாற்று உரை. படம் தெரியாதபோது அந்த இடத்தில் வரும் சொற்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இது.

எங்கள் வாசகர்களில் பார்வையற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரி ஆசிரியர். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் மூலம் கடிதங்களைக் கேட்கிறார். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். சுட்டியுள்ள படத்துக்கு வரும்போது அது சுட்டி என்றும் படம் என்றும் அறிவித்துவிட்டு, மாற்று உரையை வாசிக்கும். மாற்று உரை இல்லாவிட்டால், சுட்டியின் முகவரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாசிக்கும். எண்ணும் சாய்கோடும் கலந்த ஒரு சத்தம். ‘அட்டைப்படம்’ என்று மட்டும் எழுதினாலும் அவருக்குப் பயன் இல்லை. எந்தப் புத்தகம், தொட்டால் எங்கே போவோம் என்று தெரிந்தால்தான் அவர் முடிவெடுக்க முடியும். நான் எழுதும் மாதிரி இது: ‘புத்தகத்தின் பெயர், எழுத்தாளர் பெயர், விலை 220 ரூபாய், புத்தகத்தின் பக்கத்துக்குச் செல்ல’. படம் தடுக்கப்பட்ட தண்டர்பேர்டிலும் இதே வரிதான் தெரியும். ஒரே வரி இரண்டு பேருக்கும் உதவுகிறது. அதைத் தமிழிலேயே எழுதுங்கள்; தமிழ்க் கடிதத்தின் நடுவில் ஆங்கில எழுத்தில் ‘புக் கவர் ஃபைனல் நியூ’ என்று கோப்புப் பெயரை விட்டுவைக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். புத்தக வெளியீட்டு விழா அழைப்பிதழ்கள் எங்களுக்கு நிறைய வருகின்றன. பெரும்பாலானவை ஒரே ஒரு படம். நாள், நேரம், இடம், பேசுவோர் எல்லாம் படத்துக்குள். கடிதத்தில் வேறு ஒரு சொல்கூட இருக்காது. யூனிகோடு பரவுவதற்கு முன் இது புரிந்துகொள்ளக் கூடிய வழி. அனுப்புகிறவரிடம் ஓர் எழுத்துரு, பெறுகிறவரிடம் இன்னோர் எழுத்துரு. தமிழ் அங்கே குப்பையாகத் தெரியும். படமாக்கி அனுப்பினால்தான் பிழைக்கும். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. யூனிகோடு தமிழ் எந்தப் போனிலும் தெரிகிறது. படத்துக்குள் அடைத்த தேதியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, நாள்காட்டியில் எடுத்து ஒட்ட முடியாது, பார்வையற்றவர் கேட்க முடியாது. எழுத்தே இல்லாமல் படம் மட்டும் வரும் கடிதத்தை எரிதக் கடிதம் (ஸ்பேம்) என்று சந்தேகிக்க ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டிகளில் தனி விதிகளே இருக்கின்றன. அழகாக வடிவமைத்த அழைப்பிதழ் பலருடைய ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். அழைப்பிதழின் படத்தை வையுங்கள். அதற்கு விழா நடக்கும் இடத்தின் வரைபடச் சுட்டியைக் கொடுங்கள். மேலே நான்கு வரியில் விவரத்தை எழுத்தாகவே எழுதிவிடுங்கள்.

செய்முறை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், பெரிய வித்தியாசம் இல்லை. ஜிமெயிலில் அமைப்புகளுக்குள் கையொப்பப் பகுதியில் படக் குறியை அழுத்தி, இணைய முகவரி என்பதைத் தேர்ந்து அட்டையின் முகவரியை ஒட்ட வேண்டும். பிறகு அந்தப் படத்தைத் தேர்வு செய்து, சங்கிலிக் குறியை அழுத்திப் புத்தகப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, மறக்காமல் பக்கத்தின் அடியில் போய் மாற்றங்களைச் சேமிக்க வேண்டும். கூகுள் டிரைவிலிருந்து படத்தை எடுத்தால் அது எல்லோருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுக்கு மட்டும் தெரியும். அவுட்லுக்கிலும் படத்தைச் செருகி, தேர்வு செய்து, சுட்டிக் குறியை அழுத்துவதுதான். ஆனால் அது பொதுவாகப் படத்தைக் கடிதத்துக்குள் பதித்தே அனுப்பும்.

நான் தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறேன். அங்கே படத்தைச் செருகும் பெட்டியில் மாற்று உரைக்குத் தனி இடம் உண்டு, சுட்டிக்குத் தனித் தாவல் உண்டு. படத்தைக் கடிதத்தோடு இணைக்கவா என்று கேட்கும் ஒரு கட்டமும் இருக்கிறது. அதில் குறி இருந்தால் படம் உள்ளே பதியும், எடுத்துவிட்டால் முகவரி மட்டும் போகும். சுட்டியுள்ள படத்தைச் சுற்றி நீலக் கோடு போடும் ஒரு தேர்வும் உண்டு. அதை எடுத்துவிடுங்கள், அட்டைக்கு அது ஆகாது. கையொப்பத்தை ஓர் எச்டிஎம்எல் கோப்பாக எழுதிவைத்துக் கணக்கு அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டிவிட்டால், புத்தகம் மாறும்போது அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். அடிக்கடி அனுப்பும் கடிதங்களை வார்ப்புருவாக (டெம்ப்ளேட்) சேமித்திருக்கிறேன். பார்சல் அனுப்பிய கடிதம், நூலகத்துக்கான கடிதம், கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்ததற்கான கடிதம் என்று ஒவ்வொன்றும் தனி.

பார்சல் வார்ப்புருவில் அட்டையைத் தொட்டால் விற்பனைப் பக்கம் திறக்காது. வாங்கிவிட்டவரிடம் மறுபடி விற்கக் கூடாது. அங்கே அதே எழுத்தாளரின் மற்ற நூல்கள் உள்ள பக்கம் திறக்கும். நூலக வார்ப்புருவில் ஐஎஸ்பிஎன்னும் விலையும் பக்க எண்ணிக்கையும் எழுத்தாகவே இருக்கும். நூலகர் அவற்றை எடுத்துத் தம் பட்டியலில் ஒட்டுவார். படத்திலிருந்து ஒட்ட முடியாது. கையெழுத்துப் பிரதிக்கான வார்ப்புருவில் படமே இல்லை. தன் எழுத்தை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பவருக்குப் போகும் கடிதத்தில் இன்னொருவர் புத்தகத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மாதாந்திரப் புதிய நூல் பட்டியலில் மட்டும் பல அட்டைகள் வரும். அதில் கவனிக்க வேண்டியது, எச்டிஎம்எல் அளவு 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் கடிதத்தை நடுவில் வெட்டி, மீதியைத் தனியே திறக்கச் சொல்லும். தளத்தில் இருக்கும் படங்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் தமிழ் எழுத்துகள், கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்பவை. ‘கி’ போன்ற உயிர்மெய் என்றால் ஆறு. ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிட நமக்கு இடம் சீக்கிரம் நிறையும். பின்னட்டைக் குறிப்பு முழுவதையும் போடாமல் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்துகிறேன்.

பணம் செலுத்தும் க்யூஆர் படத்தையும் கையொப்பத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். போனிலேயே கடிதம் படிப்பவர் அதே திரையை எப்படி ஸ்கேன் செய்வார்? படத்தைச் சேமித்து, பணச் செயலியில் போய்த் திறக்க வேண்டும். அதோடு, யாரோ எங்கள் கடிதத்தைப் போலவே ஒன்று செய்து வேறு க்யூஆரை ஒட்டி அனுப்பினால், பழகிப்போன வாசகர் யோசிக்காமல் பணம் கட்டிவிடுவார். பணம் கேட்கும் படம் எங்கள் கடிதத்தில் வரவே வராது என்று வாசகர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கிறேன். அட்டையின்மேல் மவுஸை வைத்தால் எங்கள் தளத்தின் பெயர் முழுதாகத் தெரிய வேண்டும்.

சமூக ஊடகச் சின்னங்களை வரிசையாக அடுக்குவதும் இல்லை. 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிக ஆவணம் கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்கிறது. நான் அந்த நான்கு வரியை மதிக்கிறேன். அதோடு ஒரே ஓர் அட்டை. ஜூலையில் கொடிசியா வளாகத்தில் கோவைப் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு, ஜனவரியில் சென்னை என்று புத்தகக் காட்சி நெருங்கும்போது அட்டைக்குக் கீழே எங்கள் கடை எண்ணை எழுத்தாகச் சேர்ப்பேன். காட்சி முடிந்த மறுநாள் காலை அந்த வரி போய்விடும்.

இப்போது எழுத்தாளர்களும் தங்கள் சொந்தக் கையொப்பத்தில் தங்கள் அட்டையை வைக்கக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சியாகச் செய்து தருகிறேன். சுட்டியும் மாற்று உரையும் சேர்ந்த அந்த எச்டிஎம்எல் துண்டையும், ஜிமெயிலில் ஒட்டும் முறையையும் புத்தகம் வெளிவரும் வாரத்தில் அவர்களுக்கு அனுப்பிவிடுவேன். ஒட்டிய பிறகு எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வேன். அதைத் தண்டர்பேர்டில் படங்கள் தடுக்கப்பட்ட நிலையில் முதலில் படிப்பேன். புத்தகத்தின் பெயரும் விலையும் தமிழில் தெரிகின்றனவா, தொட்டால் சரியான பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு படங்களை அனுமதித்து, அட்டையில் அவர்கள் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துப் பதில் எழுதுவேன்.